சம்பந்தி திருப்பித் தர வேண்டிய சொற்கள்

சான்வினி, பர்கண்டி
24 ஜனவரி 1902

திரு. குல்வென் கெர்தோன்கு அவர்களுக்கு,

'சம்பந்தி' என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். கை வரவில்லை. 'திரு' போதும்.

நடந்ததை ஒழுங்காக எழுதிவிடுகிறேன், பிறகு யாரும் மாற்றிப் பேசக்கூடாது. திங்கள் மாலை உங்கள் ஊர் மேயர் ஆபீசில் நீங்களும் நானும் கையெழுத்துப் போட்டோம். சட்டத்தின் கண்ணில் என் மகன் மார்செலனும் உங்கள் மகள் அசெனோரும் அப்போதே புருஷன் பெண்டாட்டி. பாக்கி இருந்தது கோவில் பூசை ஒன்றுதான். செவ்வாய் காலை பெண்ணை அழைத்துப் போக உங்கள் வாசலுக்கு வந்தோம். கொட்டுகிற மழை, கணுக்கால் வரை சேறு, சாத்திய கதவு. எங்களுக்கு முன்னால் உங்கள் ஊர்த் தையல்காரர் நின்றார். ஒரு காலில் சிவப்புக் காலுறை, மறுகாலில் நீலம், கையில் ஏதோ செடியின் கிளை. அவர் கதவைப் பார்த்துப் பாட, நீங்கள் உள்ளேயிருந்து பாட, ஊரே சிரித்தது. எனக்கு ஓர் எழுத்தும் புரியவில்லை.

கதவு திறந்தது. வந்தது ஏழெட்டு வயதுச் சிறுமி. "இவளா?" என்பதுபோல் கையை நீட்டினீர்கள். கதவு மூடிக்கொண்டது. மறுபடி திறந்தது. வந்தது ஒரு விதவை. அவள் என்னைப் பார்த்துக் கண்ணடித்தாள். மூன்றாவதாக வந்தது வாயில் ஒரு பல்கூட இல்லாத கிழவி. மாடு பிடிக்கச் சந்தைக்கு வருகிறவனுக்குக்கூட முதலில் நல்ல மாட்டைத்தான் காட்டுவார்கள் ஐயா. நான் இரண்டு நாள் ரயிலில் முதுகு ஒடிய வந்தவன்.

ஆமாம், கத்தினேன். "இந்தப் பராகுவென்னை வச்சுக்கிட்டு நீங்களே குடித்தனம் நடத்துங்க! உலகத்துக்கு ஒரு வார்த்தைகூடக் குடுக்காத பாஷை!" என்றேன். பராகுவென் என்றால் பிரெஞ்சில் உளறல். சொன்னதை மறுக்கவில்லை.

மார்செலன் பிப்ரவரி பதினெட்டாம் தேதி மார்செய் துறைமுகத்தில் கப்பல் ஏற வேண்டும். அல்ஜீரியாவில் ரயில் பாதை அளக்கிற வேலை, மூன்று வருஷம். பிப்ரவரி பன்னிரண்டு சாம்பல் புதன். அன்றிலிருந்து ஈஸ்டர் வரை கோவிலில் கல்யாணம் கிடையாது என்பது உங்களுக்கும் தெரியும். அதற்குள் மன்னிப்புக் கேட்டு எழுதினால் வருகிறேன்.

அன்செல்ம் போர்தியே
திராட்சைத் தோட்டக்காரன்


லான்கெர்வெல், பிரிட்டனி
28 ஜனவரி 1902

திரு. போர்தியே அவர்களுக்கு,

திரு எனக்கும் எழுத வரும்.

பெண் கேட்டு வருகிறவனுக்கு மூன்று தடவை 'இல்லை' சொல்லாமல் எங்கள் ஊரில் எந்தக் கதவும் திறந்ததில்லை. முதலில் குழந்தையைக் காட்டுவோம். "தங்கமான பொண்ணு, ஆனா நான் தேடி வந்தது இவ இல்லை" என்று தையல்காரர் பாட வேண்டும். பிறகு விதவை, பிறகு கிழவி. நாலாவதாகத்தான் பெண் வருவாள். பெண் கேட்கத் தூது வருகிற தையல்காரர் உங்கள் பக்கத்து ஆள் ஐயா! உங்களுக்காகத்தான் அவர் தொண்டை வறளப் பாடினார். நீங்கள் மூன்றாவதோடு முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விட்டீர்கள். என் மகள் முழு அலங்காரத்தோடு கதவுக்குப் பின்னால் நின்றிருந்தாள். இன்னும் ஒரே ஒரு பாட்டுதான் மிச்சம்.

உங்கள் மகனைக் கேட்டேன். "அம்மாகிட்ட சொன்னேனே" என்கிறான். அம்மா உங்களிடம் சொல்லவில்லையா, இல்லை சொன்னது உங்கள் காதில் ஏறவில்லையா என்பதை உங்கள் வீட்டிலேயே பேசிக்கொள்ளுங்கள்.

வாசலில் கத்தியதை மன்னித்துவிடலாம், மழை. எங்கள் பாஷை உலகத்துக்கு ஒன்றும் கொடுக்கவில்லை என்றீர்களே, அதை மன்னிக்க மாட்டேன். பாதிரியாரிடம் போய் அவருடைய தடித்தடி அகராதிகளை இறக்கச் சொல்லி மூன்று நாள் உட்கார்ந்தேன். கேளுங்கள். உங்கள் பிரெஞ்சில் 'வண்டி' யாருடைய சொல்? எங்கள் சொல். ரோமாபுரியான் எங்கள் ஆட்களிடம் வண்டியைப் பார்த்தான், பெயரையும் கேட்டு வாங்கிக்கொண்டு போனான். நான் வண்டி செய்கிறவன், இது எனக்குத் தெரிய வேண்டாமா? செம்மறி, கலப்பைக் கொழு, தேன்கூடு, பாதை, வானம்பாடி, எல்லாம் கெல்ட் சொற்கள். நீங்கள் வாசலில் நின்ற சேறும் எங்களுடையது. ரோமாபுரியான் தொடை தெரியத் துணியைச் சுற்றிக்கொண்டு திரிந்தவன். கால்சட்டை என்ற பொருளும் பெயரும் எங்களிடமிருந்து போனவை. ஸ்பெயின்காரன் பீருக்குச் சொல்லும் பெயர் எங்களுடையது. ஜெர்மன்காரன் அரசாங்க ஆபீசுக்குச் சொல்லும் பெயரும் எங்களுடையதுதான், ஆனால் அங்கே நடக்கிறதற்கு நாங்கள் பொறுப்பில்லை.

கடைசியாக, பராகுவென். எங்கள் மொழியில் 'பரா' என்றால் ரொட்டி, 'க்வின்' என்றால் ஒயின். எங்கள் ஆட்கள் உங்கள் ஊர்ச் சத்திரங்களில் பசியோடு கேட்ட இரண்டு பொருள்கள் அவை. அதைத்தான் உளறல் என்று பெயர் வைத்தீர்கள் என்கிறார் பாதிரியார். ஆக, என்னைத் திட்டுவதற்கும் என்னிடமே கடன் வாங்கியிருக்கிறீர்கள்.

(இவையெல்லாம் பழைய கெல்ட் மொழியிலிருந்து வந்தவை, அது நம் பிரெட்டன் மொழிக்கு ஒன்றுவிட்ட சித்தப்பா முறை என்று பாதிரியார் ஏதோ இழுத்தார். நான் காதில் வாங்கவில்லை.)

என் நிபந்தனை இது. எங்கள் சொற்களைத் திருப்பிக் கொடுங்கள். அவற்றில் ஒன்றுகூட இல்லாமல் எனக்கு ஒரே ஒரு கடிதம் எழுதிக் காட்டுங்கள். முடிந்தால், கிழவியையும் விதவையையும் விட்டுவிட்டு நேராகப் பெண்ணையே வாசலுக்கு அழைத்து வருகிறேன். முடியாவிட்டால் நீங்கள் மன்னிப்புக் கேட்க வேண்டும். கால்சட்டையைக் கழற்றித் தர வேண்டாம், குளிர்காலம்.

குல்வென் கெர்தோன்கு


சான்வினி
31 ஜனவரி

திரு. கெர்தோன்கு,

உங்கள் சொல் ஒன்றுகூட எனக்கு வேண்டாம். இதோ.

நேற்று காலை, இரண்டு சக்கரம் வைத்துக் குதிரை இழுக்கிற அந்தச் சாமானில், மக்கள் நடந்து நடந்து உண்டான அந்த நீளமான இடத்தின் வழியாகத் தோட்டத்துக்குப் போனேன். மழையில் ஊறிக் குழம்பிப்போன மண்ணில் அது சிக்கிக்கொண்டது. இறங்கித் தள்ளினேன். அச்சு உடைந்தது. சட்டையெல்லாம் நாசம். வீட்டுக்கு வந்து வேறு உடை மாற்றிக்கொண்டு அடுப்படியில் உட்கார்ந்தேன். புகைக்கரி தலையில் கொட்டியது. கம்பளி தருகிற அந்தப் பிராணிகளுக்குத் தீனி போடச் சொன்னேன். வேலைக்காரன், "எந்தப் பிராணி ஐயா?" என்றான். "பே என்று கத்துமே, அது!" என்றேன். அவன் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு என் மனைவியைக் கூப்பிட்டான்.

பெர்நார்தின் வந்தாள். "என்ன ஆச்சு உங்களுக்கு?" என்றாள். விஷயத்தைச் சொன்னேன். "பையன் கல்யாணம் நின்னு போய்க் கெடக்கு, நீங்க அந்தப் பிராணிக்குப் பேர் தேடிக்கிட்டிருக்கீங்களா?" என்று கேட்டுவிட்டுப் போனாள். அவள்தான் வழக்கத்தை என்னிடம் சொல்லாமல் விட்டவள் என்பதை நினைவூட்டினேன். இடுப்பு வலியால் கல்யாணத்துக்கு வர முடியாதவள், நான் கிளம்புவதற்கு முந்தின இரவே இரண்டு தடவை சொன்னாளாம், இரண்டு தடவையும் நான் தூங்கிக்கொண்டிருந்தேனாம். தூங்குகிறவனிடம் சொல்வது சொன்ன கணக்கில் வருமா?

எப்படியோ, எழுதி முடித்துவிட்டேன். ஒரு சொல் காட்டுங்கள் பார்க்கலாம். பெண்ணை வாசலுக்கு அழைத்து வாருங்கள்.

போர்தியே


லான்கெர்வெல்
3 பிப்ரவரி

திரு. போர்தியே,

'உடைந்தது' எங்களுடையது. 'சட்டை' எங்களுடையது. 'புகைக்கரி' எங்களுடையது. 'மாற்றிக்கொண்டு' என்றீர்களே, ரோமாபுரியானுக்கு அந்தச் சொல்லையும் கொடுத்தது நாங்கள்தான். பாதிரியார் விரல் வைத்துக் காட்டினார். சட்டைக்கு மட்டும் "அநேகமாக" என்றார். நான் அந்த 'அநேகமாக'வை எண்ணவில்லை.

உங்கள் கடிதத்தைச் சத்திரத்தில் சத்தமாக வாசித்தேன். 'பே என்று கத்துமே, அது' என்ற இடத்தில் தையல்காரர் நாற்காலியிலிருந்து கீழே விழுந்தார். இப்போது ஊரில் யாரும் ஆட்டை ஆடு என்று சொல்வதில்லை.

ஆனால் என் வீட்டில் சிரிப்பு இல்லை. அசெனோர் என்னோடு பேசுவதை நிறுத்தி ஒரு வாரம் ஆகிறது. தட்டில் காய்ந்த அப்பத்தை வைப்பாள், வெண்ணெய் வைக்க மாட்டாள். பிரிட்டனியில் பிறந்தவனுக்கு வெண்ணெய் இல்லாத அப்பம் என்ன தண்டனை என்று உங்களுக்குத் தெரியாது. மார்செலன் ஞாயிற்றுக்கிழமை தான் தங்கியிருக்கிற கெம்பேர் நகரத்திலிருந்து நடந்தே வருகிறான், வாசலில் நின்று ஜன்னலைப் பார்க்கிறான், நடந்தே போகிறான். சட்டப்படிப் பெண்டாட்டிதானே, கூட்டிக்கொண்டு போடா என்று மேயர் சொல்லிப் பார்த்தாராம். "கோவிலுக்குப் போகாம நான் இந்த வாசலைத் தாண்ட மாட்டேன்" என்று என் மகள் சொல்லிவிட்டாள். கப்பல் கிளம்பினால் அவன் தனியாகத்தான் போவான். அவளுக்கு அம்மா இல்லை. மூன்று வருஷம் அந்த ஜன்னலையே பார்த்துக்கொண்டு இருக்கப்போவது நானும் அவளும்தான்.

ஆகவே, நீங்கள் தோற்றுவிட்டீர்கள். மன்னிப்புக் கேளுங்கள், வாருங்கள்.

கெர்தோன்கு


சான்வினி
6 பிப்ரவரி

திரு. கெர்தோன்கு,

உங்களுக்குப் பாதிரியார் இருந்தால் எனக்குப் பள்ளிக்கூட வாத்தியார் இருக்கிறார்.

வாத்தியார் சொல்கிறார்: வண்டி, செம்மறி, தேன்கூடு, சேறு எல்லாம் கெல்ட் சொற்கள்தான், சரி. ஆனால் அவற்றைப் பேசியது யார்? சீசர் வருவதற்கு முன்னால் இந்த மண்ணில் இருந்த கோலுவாக்கள். எங்கே இருந்தார்கள்? இங்கே, பர்கண்டியில்! என் தோட்டத்துக்கு மேலே இருக்கிற குன்றில்! நீங்கள் யார்? பல நூறு வருஷம் கழித்துக் கடலுக்கு அந்தப் பக்கத்துத் தீவிலிருந்து படகேறி வந்தவர்கள். என் பாட்டன் முப்பாட்டன் சொத்தை, நேற்று படகில் வந்து இறங்கியவர் திருப்பிக் கொடு என்று கேட்கிறார்! இந்தக் கூத்தை எங்கே போய்ச் சொல்வது?

உங்கள் பாதிரியார் அடைப்புக்குறிக்குள் சொன்ன ஒன்றுவிட்ட சித்தப்பா நான்தான். சொத்து பெரியப்பன் சித்தப்பன் பிள்ளைகளுக்குள் பங்கு பிரிய வேண்டியது. அப்படியானால் நீங்களும் நானும் சம்பந்தியே இல்லை, பங்காளி. பங்காளிக்குள் பெண் கொடுத்து வாங்குவதற்கு ஆண்டவரின் சபை என்ன சொல்கிறது என்று உங்கள் பாதிரியாரையே கேளுங்கள்.

தோற்றது நீங்கள். மன்னிப்புக் கேட்க வேண்டியது நீங்கள். இதுதான் என் கடைசிக் கடிதம். இனி ஒரு வரி எழுத மாட்டேன்.

போர்தியே

அசெனோர் ஒழுங்காகச் சாப்பிடுகிறாளா? உங்கள் அப்பக் கதைதான் தெரிகிறது, அவள் என்ன சாப்பிடுகிறாள் என்று எழுதவில்லை. பெர்நார்தின் கேட்கச் சொன்னாள். நானும்தான் கேட்கிறேன்.


சான்வினி, பர்கண்டி
9 பிப்ரவரி, ஞாயிறு

அன்செல்ம்,

மேலே இருக்கிற ஊரைச் சரியாகத்தான் படித்தீர்கள். நான் உங்கள் சமையலறையில், உங்கள் நாற்காலியில், உங்கள் பேனாவால் எழுதுகிறேன். நீங்கள் எங்கே ஐயா போனீர்கள்?

உங்கள் கடைசிக் கடிதம் வருவதற்கு முன்பே, வெள்ளிக்கிழமை விடிந்ததும் நான் கிளம்பிவிட்டேன். வாதத்துக்காக இல்லை. வியாழன் மாலை அசெனோர் கல்யாணத்துக்குத் தலையில் கட்டுகிற துணியை மடித்துப் பெட்டிக்குள் வைத்தாள். அழவில்லை. அழுதிருந்தால் நான் கிளம்பியிருக்க மாட்டேன். கையைப் பிடித்து இழுத்தாவது உங்களைக் கூட்டி வந்துவிடுவது என்று புறப்பட்டேன். இரண்டு நாள் ரயில், முதுகு ஒடிந்தது, நீங்கள் சொன்னது உண்மைதான்.

கதவைத் தட்டினேன். உங்கள் மனைவி திறந்தார், பெயரைச் சொன்னேன். என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அவரு உங்க ஊருக்குப் போயிருக்காரே!" என்றார். அப்புறம் இடுப்பு வலியையும் மறந்து வாசற்படியில் உட்கார்ந்து சிரித்தார் பாருங்கள், தெருவே எட்டிப் பார்த்தது. கடைசிக் கடிதத்தைத் தபாலில் போட்டுவிட்டு வந்து ஒரு மணி நேரம் அறைக்குள் குறுக்கும் நெடுக்கும் நடந்தீர்களாம். மறுநாள் "ஒரு வேலையா வெளியே போறேன்" என்று ஞாயிற்றுக்கிழமைச் சட்டையைப் போட்டுக்கொண்டு கிளம்பினீர்களாம். அவருக்குத் தெரியாமல் இருக்குமா? பெரிய பொட்டலமாகச் சாப்பாடு கட்டிக் கொடுத்தாராம்.

உங்கள் கடைசிக் கடிதத்தில் என்ன எழுதியிருந்தது என்பதை அவர்தான் சொன்னார். பங்காளி என்றீர்களாம். நல்ல அடி. பதிலைத் தேடத் தொடங்கினேன்.

அதற்குள் அவர் என்னைக் கொல்லைக்குக் கூட்டிப் போனார். வண்டியைக் காட்டி, "இதுக்கு உங்க பாஷையிலே என்ன பேரு?" என்றார். சொன்னேன். தேன்கூடு, கொழு, கோழியின் அலகு, அந்த 'பே' பிராணியில் கிடா. ஒவ்வொன்றுக்கும் நான் எங்கள் சொல்லைச் சொல்ல, அவர் உங்கள் சொல்லைச் சொல்ல, அக்கா தங்கை மாதிரி இருந்தன. "இதுக்காகவா ரெண்டு கிழட்டு ஆம்பளைங்க அடிச்சுக்கிட்டீங்க? சொல்லையெல்லாம் பங்கு பிரிச்சு ஆளுக்கொரு மூட்டை எடுத்துக்கிட்டுப் போனா, பிள்ளைங்க எதைப் பேசும்?" என்றார். நான் கோழியைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

இப்போது விஷயம். நாளைக் காலை ரயில் ஏறினாலும் நான் வீடு சேரச் செவ்வாய் இரவு ஆகிவிடும். பூசை செவ்வாய் காலை நடந்தாக வேண்டும். விடிந்ததும் தபால் ஆபீஸ் போய்த் தந்தி கொடுக்கிறேன். இந்தக் கடிதம் பின்னால் வரும். தந்தியில் இவ்வளவுதான் இருக்கும்:

'எனக்காகக் காத்திருக்க வேண்டாம். கல்யாணத்தை நடத்துங்கள். கதவுக்கு உள்ளே எனக்குப் பதிலாக நீங்கள் நில்லுங்கள்.'

உள்ளே நிற்பது பெண்ணின் தகப்பன், இல்லையென்றால் அவன் பெயர் சொல்லி அனுப்பிய ஆள். வேறு யாரையும் எங்கள் ஊர் ஒப்புக்கொள்ளாது. உங்களைத் தவிர வேறு யார் பெயரையும் எழுத எனக்கு மனம் வரவில்லை. ஒழுங்காக மூன்று தடவை இல்லை சொல்லுங்கள். சுலபமாகக் கொடுத்துவிடாதீர்கள், அவள் என் மகள்.

குல்வென்


லான்கெர்வெல், பிரிட்டனி
11 பிப்ரவரி, செவ்வாய்

சம்பந்தி,

கல்யாணம் முடிந்தது. இதை முதலில் எழுதிவிட்டேன், இனி நிதானமாக மூச்சு விட்டுப் படியுங்கள்.

சனிக்கிழமை இரவு நான் உங்கள் வாசலுக்கு வந்து சேர்ந்தேன். அசெனோர் கதவைத் திறந்து, "அப்பா உங்க வீட்டுக்குப் போயிருக்கார்" என்றாள். நான் திண்டாடிப்போனேன். என் முகத்தைப் பார்த்து அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எத்தனையோ நாளைக்கு அப்புறம் சிரிக்கிறாள் என்று பக்கத்து வீட்டுக்காரி சொன்னாள். எனக்கு அப்பம் கொடுத்தாள். வெண்ணெயோடு. கோபித்துக்கொள்ளாதீர்கள்.

திங்கள் மதியம் தந்தி வந்தது. தையல்காரர் அதை ஊருக்கெல்லாம் வாசித்துக் காட்டினார். பெண் வீட்டுக் கதவுக்குப் பின்னால் மாப்பிள்ளையின் அப்பன்! இந்த ஊரில் இதுவரை நடக்காதது. வழக்கத்துக்குப் பொருந்துமா என்று சத்திரத்தில் பெரிய வாக்குவாதம். கடைசியில் அந்தப் பல்லில்லாத கிழவிதான் தீர்ப்புச் சொன்னாள்: "போன தடவை வெளியே நின்னு ஓடிப்போனான். இந்தத் தடவை உள்ளே போட்டுப் பூட்டு, எங்கே ஓடறான்னு பார்ப்போம்."

இன்று காலை அதே மழை. வெளியே என் மகனும் தையல்காரரும் ஊரும். உள்ளே நான், அந்தச் சிறுமி, விதவை, கிழவி, அசெனோர். தையல்காரர் பிரெட்டனில் பாடினார், எனக்குத் தெரிந்த பிரெஞ்சில் நான் பதில் சொன்னேன். அதில் எது உங்கள் சொல், எது என் சொல் என்று யாரும் கணக்குக் கேட்கவில்லை. சிறுமியைக் கொண்டுபோய்க் காட்டினேன். மார்செலன் ரொம்பப் பணிவாக, அவள் இல்லை என்றான். விதவை, அவளும் இல்லை. அவள் போகிற போக்கில் என்னைப் பார்த்து மறுபடியும் கண்ணடித்தாள். அது அவளுடைய கண் வியாதியாம், பாவம், நான்தான் என்னென்னவோ நினைத்துவிட்டேன். கிழவி வெளியே போனவள் திரும்பி வர மாட்டேன் என்றாள். "இந்தப் பையன் லட்சணமா இருக்கான், நானே கட்டிக்கிறேன்" என்று அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். இழுத்து வர நாலு பேர் தேவைப்பட்டார்கள்.

அப்புறம் அசெனோரின் முறை. என் கையின் மேல் அவள் கை வைத்தாள். சில்லென்று இருந்தது. தாழ்ப்பாளில் கை வைத்தவன் அப்படியே நின்றுவிட்டேன். வெளியே நிற்பவன் என் சொந்தப் பிள்ளை. நல்லவன்தான், நான்தானே வளர்த்தேன். இருந்தாலும் இந்தப் பெண்ணைக் கடல் தாண்டி மூன்று வருஷத்துக்கு அனுப்பிவிட்டு, வெறும் வீட்டுக்குத் திரும்பி வரப்போகிற ஒரு மனிதரை நினைத்தேன். எனக்குத் திறக்கக் கை வரவில்லை சம்பந்தி.

"இன்னொரு தடவை இல்லைன்னு சொல்லட்டுமா?" என்று கேட்டேன்.

"மூணுதான் வழக்கம்" என்றாள்.

"இருக்கட்டும்" என்று சொல்லி, வெளியே பார்த்துக் கத்தினேன்: "இல்லை! தர மாட்டேன்!"

நாலாவது 'இல்லை'யை இந்த ஊர் கேட்டதே கிடையாது. தையல்காரரிடம் அதற்குப் பாட்டு இல்லை. மார்செலனின் குரல் மட்டும் வந்தது: "அப்பா! மழை பெய்யுது! நான் உங்க பிள்ளைப்பா!"

அப்புறம்தான் திறந்தேன். அன்று வெளியே நின்றபோது உங்கள் 'இல்லை' என்னை அவமதிப்பதாக நினைத்தேன். உள்ளே நின்றால்தான் தெரிகிறது, அது கொடுக்க மனம் வராமல் சொல்கிற இல்லை. நான் கத்திய கத்தலுக்கு மன்னித்துவிடுங்கள். இதை நீங்கள் கேட்பதற்கு முன்னால் நானே எழுதிவிட வேண்டும் என்று இருந்தேன்.

கோவிலில் அவள் தெளிவாகப் பதில் சொன்னாள், பாதிரியாருக்கு இரண்டாம் தடவை கேட்க வேண்டியிருக்கவில்லை. விருந்தில் உங்கள் நாற்காலியைக் காலியாகவே வைத்தோம். அதைப் பார்த்து ஒருமுறை கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அப்பா இருந்திருந்தா இந்நேரம் யார்கூடவாவது சண்டை போட்டிருப்பார்" என்றாள்.

இப்போது நான் சொல்வதைக் கேளுங்கள். அவசரப்பட்டு ரயில் ஏறிவிடாதீர்கள். மறுபடியும் நாம் வழியில் ஒருவரை ஒருவர் தாண்டிப் போனால் பெர்நார்தின் சிரித்தே செத்துப்போவாள். பிள்ளைகள் வெள்ளிக்கிழமை இங்கிருந்து கிளம்புகிறார்கள். மார்செய் போகிற ரயில் எங்கள் ஊர் வழியாகத்தான் போகிறது. ஞாயிறு பத்து மணிக்கு வரும். உங்கள் வீட்டைப் பூட்டி, கோழிகளையும் பக்கத்து வீட்டில் ஒப்படைத்துவிட்டு நானும் அதே வண்டியில் வருகிறேன். அவள் உங்களைப் பார்க்காமல் கப்பல் ஏற மாட்டாள்.

ரயிலடிக்குச் சீக்கிரமே போய் நின்றுவிடுங்கள். அந்த வண்டி எங்கள் ஊரில் அதிக நேரம் நிற்காது.

அன்செல்ம்